ஒரே விளக்குக்கு மூணு பேரு வச்சா எந்த சாஃப்ட்வேரும் சேராது

கேள்வி: அண்ணே வணக்கம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் பூஜை சாமான், பித்தளை விளக்கு விக்கிற சின்ன கடை எங்களோடது. கடையில பில் போட ஒரு சிஸ்டம், கணக்குக்கு வேற சாஃப்ட்வேர், போன வருஷம் வெப்சைட்டும் போட்டாச்சு, ஆன்லைன் சந்தை ஒண்ணுலயும் விக்கிறோம். தீபாவளி நேரத்துல கடையில தீந்துபோன குத்துவிளக்க வெப்சைட் பாட்டுக்கு வித்துடுச்சு, 11 பேருக்கு காச திருப்பிக் குடுத்தோம். தெனம் ராத்திரி ஆர்டரெல்லாம் கணக்குல டைப் பண்ணியே கண்ணு போச்சு. எல்லாத்தையும் இணைச்சுத் தர 18,000 வெள்ளி ஆகும்னு ஒருத்தர் சொல்றாரு, குடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், யீஷூன்

பதில்: இப்ப குடுக்காதீங்க தங்கச்சி. பில் சிஸ்டத்துல அந்த விளக்கு எந்தப் பேர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க. அங்க "கு.வி 12", வெப்சைட்ல "பித்தளை குத்துவிளக்கு 12 இன்ச்", கணக்குல வெறும் "விளக்கு"ன்னு இருக்கும். மூணும் ஒரே சாமான்னு உங்களுக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? அதனால ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எஸ்கேயூ நம்பர், அதாவது அந்த சாமானுக்கு மட்டும்னு ஒரு அடையாள நம்பர் வச்சு எல்லா எடத்துலயும் அதையே போடுங்க, ஒத்தையா ஜோடியாங்கறதையும் சேத்து எழுதிடுங்க. நான் முன்னாடி வேலை பாத்த மளிகை கிடங்குல ஒரு பக்கம் அரிசி கிலோ கணக்கு, இன்னொரு பக்கம் மூட்டை கணக்கு, அப்படியே இணைச்சுட்டாங்க, 5 கிலோ கேட்ட வீட்டுக்கு 5 மூட்டை போய் எறங்குச்சு, அன்னைக்கு லாரிக்காரர் பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது.

அடுத்து, ஸ்டாக்குக்கு யாரு பெரியவருன்னு முடிவு பண்ணணும். உங்களுக்கு அது கடை பில் சிஸ்டம்தான். மத்ததெல்லாம் அதக் கேட்டுத்தான் "இருக்கு, இல்ல" சொல்லணும்.

இதெல்லாம் முடிச்சுட்டு அவர்ட்ட பேசுங்க. நெட் நடுவுல அறுந்தா ஆர்டர் திரும்பத் தானா வருமா, அப்படி வர்றப்ப ஒரே ஆர்டர் ரெண்டு தடவ ஏறாதா, காசு திருப்பிக் குடுத்தா ஸ்டாக்கும் கணக்கும் சேந்து திரும்புமான்னு கேளுங்க, காகிதத்துல சொல்ல வேணாம், உங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லுங்க. ரொம்பப் பேரு தடுக்கி விழற எடம் இன்னொண்ணு இருக்கு. ஆன்லைன் சந்தைக்காரங்க கமிஷன் பிடிச்சுட்டுத்தான் பேங்குல போடுவாங்க, 100 வெள்ளிக்கு வித்தா 90 சொச்சம்தான் வரும், அந்த வந்த காச விற்பனைன்னு எழுதிட்டா கணக்கு தப்பு. முழு விலைய விற்பனையா ஏத்தி கமிஷன செலவா காட்டணும். ஜிஎஸ்டி பதிஞ்சிருந்தா 9 விழுக்காடு வரியும் முழு விலைக்குத்தான். அவர் போடற இணைப்பு இதத் தனித்தனியா பிரிக்கலன்னா ராத்திரி டைப்பிங் உங்கள விடாது.

ஒரு நாளைக்கு பத்து பதினைஞ்சு ஆர்டர்தான்னா, ஆர்டர சிஎஸ்வி ஃபைலா (எந்த சாஃப்ட்வேரும் படிக்கிற சாதாரண பட்டியல்) எறக்கி கணக்குல மொத்தமா ஏத்துனாலே போதும், அதுக்கு தனிச் செலவு பெருசா வராது.

கோயிலுக்கு, கம்பெனிக்கு மொத்தமா சப்ளை பண்றீங்கன்னா இன்வாய்ஸ்நவ்ங்கற மின்-பில் முறை பத்தியும் பாருங்க. 2019-ல இங்க வந்தது, பெப்போல்ங்கற உலகப் பொது முறையில ஓடுது. பிடிஎஃப் அனுப்புனா அவங்க திரும்ப டைப் பண்ணணும், இதுல உங்க சாஃப்ட்வேர்லேர்ந்து அவங்க சாஃப்ட்வேருக்கு பில் நேரா போயிடும். இன்னும் ஜிஎஸ்டி பதியலன்னா இதையும் கேட்டுக்கோங்க: 2026 ஏப்ரல் 1-லேர்ந்து விருப்பப்பட்டு புதுசா பதியிற எல்லாரும் பில் விவரத்த இது வழியாதான் வரி அலுவலகத்துக்கு அனுப்பணும். அதனால புது கணக்கு சாஃப்ட்வேர் வாங்குனா இன்வாய்ஸ்நவ் உள்ளதா வாங்குங்க. சின்ன கம்பெனிங்க சாஃப்ட்வேர் வாங்க அரசாங்கம் குடுக்கற பிஎஸ்ஜி மானியம் கேக்கறதா இருந்தா விண்ணப்பத்துக்கு முன்னாடி கையெழுத்தும் போடாதீங்க, முன்பணமும் குடுக்காதீங்க, போட்டுட்டா மானியம் கெடைக்காது.

சாமான் பட்டியல முடிச்சுட்டு எழுதுங்க தங்கச்சி, எத்தன சாமான், நாளைக்கு எத்தன ஆர்டர்னும் சேத்து எழுதுனா அந்த 18,000 தேவையா இல்லையான்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.