சவரிமுத்துவா, சேவியரா?

கேள்வி: ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். என் தாத்தா பெயரான சவரிமுத்துவை வைக்கச் சொல்கிறார் அப்பா. "சவரின்னா கொண்டைக்கு வைக்கிற சவுரியா?" என்று சிரிக்கிறாள் மனைவி, அவளுக்கு சேவியர்தான் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரரோ சபரிதான் சவரி ஆனது என்கிறார். எது சரி?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: சவுரியும் இல்லை, சபரியும் இல்லை. அப்பாவும் மனைவியும் ஒரே பெயருக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

வட ஸ்பெயினில் நவார் பகுதியில் ஹவியேர் என்று ஒரு கோட்டை இருக்கிறது. பாஸ்க் மொழியில் 'எட்சே பெரி' என்றால் புது வீடு, அது தேய்ந்துதான் இந்த ஊர்ப்பெயர். 1506-ல் அங்கே பிறந்த பிரான்சிஸ்கோவோடு, அதாவது நம் புனித சவேரியாரோடு, ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு, ஊர்ப்பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் நாடு நாடாகப் பரவிவிட்டது.

போர்த்துகீசியர் வாயில் அது 'ஷவியேர்'. நம் வாயில் சவேரி, மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்து சவேரியார், வீட்டுப் புழக்கத்தில் சவரி. சேவியர் என்பது ஆங்கிலம் வழியாக வந்தது, அவ்வளவுதான். பார்சிலோனாவுக்கு ஆடிய கால்பந்து வீரர் சாவி இருக்கிறாரே, அவர் முழுப்பெயரிலும் இதே சேவியர்தான். உங்கள் கடற்கரை முத்துக்குளித்துறை என்பதால்தான் சவரியோடு 'முத்து' சேர்ந்தது என்று சிலர் அழகாகக் கதை கட்டுவார்கள், நான் நம்பமாட்டேன். கடலையே பார்க்காத ஊர்களிலும் மாரிமுத்து, காளிமுத்து இல்லையா?

உங்கள் ஊருக்கு இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1542-ல் கோவாவில் இறங்கிய சவேரியார் அதே ஆண்டு உங்கள் கடற்கரைக்கு வந்துவிட்டார். தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்களைப் பிடித்து ஜெபங்களைத் தமிழாக்கச் சொல்லி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-ல் கடிதமே எழுதியிருக்கிறார். அவர் தங்கிய குகை என்று மணப்பாட்டில் இன்றும் காட்டுவார்கள். 1552-ல் சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார், உடல் இருப்பது கோவாவில். ஆனால் திருவிழா என்றால் நம்மவர்களுக்கு நாகர்கோவில் கோட்டாறில் இருக்கும் அவர் கோயில்தான். டிசம்பர் 3-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, தேரைப் பார்க்க எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள்.

என்னைக் கேட்டால் என் ஓட்டு சவரிமுத்துவுக்கு. சேவியர் எந்த நாட்டிலும் கிடைப்பான், சவரிமுத்து நம் பக்கத்தில் மட்டும்தான். வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லையா, சான்றிதழில் சேவியர் என்று எழுதிவிட்டு வீட்டில் சவரி என்று கூப்பிடுங்கள். அப்புறம் தாத்தா பேரன் காதில் எதைச் சொன்னால் என்ன!