இட்டேரி, வாய்க்கால் கரை, பர்கூர் மலைன்னு லக்கேஜோட சுத்த ஸ்டீல் மவுண்டன் பைக் எப்படிப் பார்த்து வாங்கறது?

கேட்டிருக்கறவர் கோபிக்காரர். கீழ்பவானி வாய்க்கால் கரை, காங்கேயம் பக்கத்து இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற மண்தடம்), அப்புறம் பர்கூர் மலை. டெண்டு, அடுப்போட மூணு நாலு நாள் பயணம். கடைக்காரர் அலுமினியம் எடுக்கச் சொல்றார், யூடியூப்ல பார்த்தா எல்லாரும் ஸ்டீல்தாங்கறாங்க, எதை நம்பறதுன்னு கேட்டிருக்கார்.

ஸ்டீலே எடுங்க. ஆனா யூடியூப்ல சொல்ற காரணத்துக்காக இல்லீங்க.

ஸ்டீல்னா குலுக்காது, மெத்தையில உக்காந்த மாதிரி போகும்பாங்க. குலுக்கலை வாங்கிக்கறது டயர். 2.2 இன்ச் டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க, அந்த சுகத்துக்குப் பக்கத்துல எந்த ஃபிரேமும் வராது. அதனால ஃபிரேமைப் பார்க்கறப்ப முதல் கேள்வி, எவ்வளவு அகல டயர் உள்ள போகுங்கறதுதான். ரெண்டு பக்கமும் சேறு ஒட்டற அளவுக்கு இடமும் இருக்கோணும். ஒரு மழை பேஞ்சா வாய்க்கால் கரை மண்ணு என்ன பண்ணும்னு கோபிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஸ்டீல் எதுக்குங்கறதை எனக்கு அந்தியூர்ல ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லிக் குடுத்தார். பர்கூர்ல இருந்து இறங்கி வர்றேன், பின்னாடி கேரியர்ல ஒரு பதினெட்டு கிலோ. வரட்டுப்பள்ளம் அணை தாண்டறதுக்குள்ள 'டக்'னு ஒரு சத்தம். பின்சக்கர அச்சுக்கு மேல கேரியரைப் பூட்டற காது ஃபிரேமோட பிஞ்சிருச்சு. துண்டைக் கிழிச்சு கட்டிக்கிட்டு தள்ளியே வந்து சேர்ந்தேன். பட்டறைக்காரர் ஒரு ஸ்பேனரால குழாயைத் தட்டிப் பார்த்தார். "மெல்லிசா இருக்குதுங்க தம்பி. கரண்ட் வெல்டிங் வெச்சா ஓட்டை உழுந்துரும். கேஸ்ல பித்தளை வெச்சு ஒட்டித் தர்றேன், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க." வந்து பார்த்தா வேலை முடிஞ்சிருந்தது. பெயின்ட்டு கருகினதுதான் மிச்சம். அந்தக் காது இன்னிக்கும் அப்படியே இருக்குது. அலுமினியமா இருந்தா அதை ஒட்டற மெஷினைத் தேடி நான் ஈரோடோ கோயமுத்தூரோ போயிருக்கோணும்.

இதுல ஒரு விஷயம். "எந்த ஊர்லயும் வெல்டிங் வெச்சுக்கலாம்"ங்கறது பாதி உண்மை. நல்ல குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான ஸ்டீல்) குழாயோட தகடு நடுவுல 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். கேட்டுக்கு கிராதி அடிக்கறவர்கிட்ட குடுத்தா பொசுக்கி எடுத்துருவார். கேஸ் வெல்டிங் இருக்கான்னு கேட்டுட்டுக் குடுங்க. இன்னொன்னு, ஸ்டீல் முறியறதுக்கு முன்னாடி பெரும்பாலும் வளைஞ்சோ கீறல் விட்டோ காட்டிக்குடுக்கும். பெயின்ட்டுல மயிரிழை மாதிரி துருக்கோடு தெரிஞ்சா நின்னு பார்க்கோணும். எடைன்னு பார்த்தா அலுமினியத்தை விட ஃபிரேம்ல ஒரு கிலோ கூடுதலா வரும். ஒரு தண்ணி பாட்டில்.

ஸ்டீல்ன்னாலே நல்லதுன்னும் இல்ல. கடையில ஸ்பிரிங் வெச்சு பளபளன்னு நிக்கற மலிவு வண்டிங்களும் ஸ்டீல்தான், ஹைடென்னு (ஹை டென்சைல்) சொல்ற சாதா ஸ்டீல் குழாய். தாங்கும், ஆனா மலையேத்தத்துல கருங்கல்லைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்கும். நீங்க தேடறது 4130ங்கற ரக குரோமோலி. காந்தம் வெச்சுப் பார்த்தா ஸ்டீலா அலுமினியமான்னு தெரியும், எந்த ஸ்டீலுன்னு தெரியாது. ஸ்டிக்கரைப் பாருங்க, தூக்கிப் பாருங்க. சீட்டைத் தாங்கற கம்பி, அதான் சீட் போஸ்ட், 27.2 மில்லிமீட்டர் விட்டமா இருந்தா குழாய் மெல்லிசுன்னு ஒரு நம்பிக்கை வைக்கலாம்.

முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஃபோர்க்கு, ஸ்பிரிங் இல்லாத சாதா ஸ்டீல் ஃபோர்க்கே போதும். மலிவு ஸ்பிரிங் ஃபோர்க்கு ரெண்டரை கிலோ எடை, அதுல பை மாட்ட ஒரு காதும் இருக்காது. ஃபோர்க்குக் கால்ல மும்மூணு திருகு ஓட்டை இருந்தா தண்ணியும் டெண்டும் அங்க போயிரும், பின்பாரம் குறையும்.

சக்கரம் 26 இன்ச்சா 29 இன்ச்சான்னு ஊர் ரெண்டுபட்டுக் கிடக்குது. மண்ணுல உருள 29 நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா சின்ன ஊர் சைக்கிள் கடையில தொங்கறது பசங்க மவுண்டன் பைக்குக்கான 26 டியூப்புதான். 29 எடுத்தா ரெண்டு டியூப் கையிலயே இருக்கோணும். எது எடுத்தாலும் மோட்டார் வால்வு வெச்ச டியூப்பா போடுங்க, எந்த பஞ்சர் கடையிலயும் காத்து புடிச்சுக்கலாம்.

காத்துன்னதும் முள்ளு ஞாபகம் வருது. இட்டேரியில ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வெள்வேலாமரம், தரையில நெருஞ்சி. தாராபுரத்துல இருந்து காங்கேயம் போற ஒரு நாள்ல ஏழு பஞ்சர் ஒட்டியிருக்கேன். ஏழாவதுக்கு உக்காந்திருந்தப்ப ஆடு மேய்ச்சுட்டு இருந்த அம்மா, "ஏங்கண்ணு, நடந்தே போயிருக்கலாமல்லோ"ன்னாங்க. அதுக்கப்புறம் டியூப்புக்குள்ள பஞ்சர் திரவம் ஊத்தி வெச்சுக்கறேன். நெருஞ்சிக்கு அது கேட்குது. வெள்வேலாமுள்ளு பக்கவாட்டுல கிழிச்சா எதுவும் கேட்காது.

கியர்ல கஞ்சத்தனம் வேண்டாம். 26 சக்கரத்துல முன்னாடி 22 பல்லு, பின்னாடி 34 பல்லுன்னா பெடல் ஒரு முழுச் சுத்துக்கு வண்டி 1.3 மீட்டர் நகரும். இப்ப வர்ற 29 வண்டியில முன்னாடி ஒத்தைப் பல்சக்கரம் 32, பின்னாடி 42ன்னா அதே ஒரு சுத்துக்கு 1.75 மீட்டர். பாரத்தோட திம்பம் 27 கொண்டை ஊசி வளைவுலயும் முட்டிதான் அந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லோணும். பின்னாடி 51 பல்லு இருந்தா சமாளிக்கலாம். அங்க தார் ரோட்டை விட்டு காட்டுப் பாதையில இறங்கறதா இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம வேண்டாமுங்க, யானை நடமாட்டம் இருக்கற இடம்.

பிரேக் கேபிள் வெச்ச டிஸ்க். எண்ணெய் பிரேக் இன்னும் நல்லா புடிக்கும், ஆனா பர்கூர் மலை மேல தாமரைக்கரையில எண்ணெய் போற ஹோஸ் ஒடைஞ்சா என்ன பண்றது? பெடல் சுத்தற அச்சோட பேரிங் (பாட்டம் பிராக்கெட்) ஃபிரேமுக்குள்ள திருகிப் பூட்டறதா இருக்கட்டும், அடிச்சு இறக்கற வகை வேண்டாம். ஸ்போக்ஸ் 32க்குக் குறையாம இருந்தா ஒண்ணு போனாலும் கோட்டம் எடுத்து ஓட்டிரலாம். அளவு மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தே முடிவு பண்ணுங்க. பின்னாடி பையைக் கட்டிட்டு மிதிக்கறப்ப குதிகால் இடிச்சா அந்த ஃபிரேமை விட்டுருங்க.

பழைய வண்டி கிடைச்சா இன்னும் நல்லது. காசு குடுக்கறதுக்கு முன்னாடி சீட் போஸ்ட்டை உங்க கையாலயே உருவிப் பாருங்க. அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள்ள கிரீஸ் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா கெட்டிப்பட்டு ஒட்டிக்கும். உருவ வந்தா உள்ள டார்ச் அடிச்சு துரு பாருங்க. வராட்டி, எவ்வளவு சல்லிசா சொன்னாலும் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.