முள் மேலேயே நிற்கிறது, பிரேக் ஏன் தளர்கிறது?

கேள்வி: பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறேன். பிரேக் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர்தான், ஆனாலும் பின்பக்கம் ஒரு சக்கரத்தில் மட்டும் வாரம் ஒரு தடவை பிரேக் லூசாகிவிடுகிறது. நானே ஸ்பானர் போட்டு டைட் வைத்துக்கொள்கிறேன். ஏர் கேஜில் எந்தக் குறையும் இல்லை. இப்படியே ஓட்டலாமா?

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைத்தான் கேஜ் சொல்லும், அந்தக் காற்று லைனிங்கை (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பட்டை) டிரம்மோடு அழுத்துகிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது பிரேக் சேம்பரிலிருந்து (காற்று வந்து தள்ளும் கிண்ணம்) வெளியே வரும் கம்பியான புஷ் ராடுதான். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து (இதைச் செய்யாமல் அடியில் போகவே கூடாது), பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு, 90 முதல் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் எஞ்சினை நிறுத்தி, ஒருவரைப் பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். சாதாரண 30 எண் (அளவைக் குறிக்கும் எண்) சேம்பர் என்றால் 2 அங்குலம்தான் எல்லை. அந்த ராடு மொத்தமே இரண்டரை அங்குலம்தான் நகரும்.

மிச்சம் அரை அங்குலம்தானே, அதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும், லைனிங் அதைத் தொட ராடு இன்னும் தூரம் வர வேண்டியிருக்கும், கடைசியில் சேம்பருக்குள் முட்டி நின்றுவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரம் பிடிக்காது, கேஜிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

சரி, தானே சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் ஏன் தளர்கிறது? அதுவே பழுதாகியிருக்கலாம், அல்லது கேம் புஷ் (லைனிங்கைத் தள்ளும் தண்டைத் தாங்குவது), கிளெவிஸ் பின் (ராடையும் அட்ஜஸ்டரையும் இணைப்பது) தேய்ந்திருக்கலாம், மாட்டியபோதே கோணம் தப்பியிருக்கலாம். நீங்கள் ஸ்பானர் போடும்போது அந்தக் கோளாறு மறைகிறதே தவிரப் போவதில்லை, அட்ஜஸ்டருக்கு உள்ளே இருக்கும் பல்லும் சேர்ந்து தேய்கிறது. மெக்கானிக்கிடம் “டைட் வை” என்று சொல்லாமல் “ஏன் தளர்கிறது என்று பார்” என்று சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி நிறுத்தும்போது காற்று நிறைவாக இருக்கிறது, காலையில் பாதிகூட இல்லை. கசிவா?

பதில்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒரு நிமிடச் சோதனை செய்யுங்கள். மேலே சொன்ன மாதிரியே கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை எடுத்தால் ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தால் 3. டிரெய்லர் சேர்ந்த வண்டிக்கு மிதிக்காமல் 3, மிதித்தால் 4. அதற்கு மேல் இறங்கினால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும் இடம்தான் கசிவு. அப்புறம் டேங்கின் டிரெயின் வால்வையும் திறந்து பாருங்கள். தண்ணீர் நிறைய வந்தால் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரைக் கவனிக்க வேண்டும், எண்ணெய் வந்தால் காற்றை அடைக்கும் கம்ப்ரெஸரை.