டிஸ்னி வேர்ல்டில் லைட்னிங் லேன் வாங்கினால் வரிசையே இருக்காதா?

இருக்கும். ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில், சவாரிகளுக்குத் தனி வரிசையில் முன்னால் போகக் காசு கொடுத்து வாங்கும் இந்தப் பாஸ் காத்திருப்பைக் குறைக்கும், ஒழிக்காது. நுழைவு டிக்கெட்டும் இதில் அடங்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இலவசமாகத் தொடங்கிய ஏற்பாடு, 2021இல் கட்டணமாக மாறியது. அந்த மாற்றம் எனக்கு இன்றும் ஏற்புடையதல்ல. ஒரு சவாரியில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும் என்ற அளவு மாறாது. பாஸ் வைத்திருப்பவர்களை முன்னால் விடும்போது, பொது வரிசையில் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்பவர்தான் கூடுதல் நேரம் காத்திருக்கிறார்.

லைட்னிங் லேனில் மல்டி பாஸ் என்ற வகையை வாங்கினால் மூன்று சவாரிகளை முன்பதிவு செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் கிடைக்கும். அதற்குள் போய்விட வேண்டும். ஒன்றைப் பயன்படுத்திய பிறகு அடுத்ததைப் பதிவு செய்யலாம். டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு முன்பதிவு 7 நாள் முன்பே திறக்கும், மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு. விலை நாளுக்கு நாள் மாறும். டிரான் ரோலர் கோஸ்டர் போன்ற, கூட்டம் மொய்க்கும் சவாரிகளுக்குச் சிங்கிள் பாஸ் என்று தனிக் கட்டணம்.

பள்ளி விடுமுறையில், ஒரே நாள் அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். கூட்டமில்லாத நாள் என்றால் பூங்கா திறப்பதற்கு முன்பே வாசலில் நில்லுங்கள், அதுவே போதும். உயரம் போதாத குழந்தை உடன் இருந்தால் ஊழியரிடம் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள்: ஒருவர் குழந்தையுடன் இருக்க மற்றவர் போய்வரலாம், பிறகு இவர் பொது வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.