ஹாஷ் வைத்து ஃபைலை அடையாளம் காண்பது: கேள்வி பதில்

முகில்: பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஆராய வேண்டும். லட்சக்கணக்கில் ஃபைல்கள். எங்கே தொடங்குவது?

பதில்: ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆயுசு போதாது. முதலில் எல்லாவற்றுக்கும் ஹாஷ் எடுங்கள்; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் நீளமான எண் அது, கைரேகை மாதிரி. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், என்எஸ்ஆர்எல் என்ற பெயரில் மென்பொருள்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள ஃபைல்களின் ஹாஷ் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் விண்டோஸுடன் வந்த டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்), எழுத்துரு, ஐகான் எல்லாம் கழிந்துவிடும். மிச்சத்தில்தான் கடிதம், படம், அந்த ஆள் எங்கிருந்தோ இறக்கிய நிரல் எல்லாம் கிடக்கும். ஹாஷுக்கு உள்ளே இருக்கும் பைட்டுகள்தான் கணக்கு, பெயரும் தேதியும் இல்லை. நோட்பேடுக்கு ‘விடுமுறை.ஜேபெக்’ என்று பெயர் வைத்து ஒளித்தாலும் மாட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது தெரிந்த ஃபைல்களின் பட்டியல், நல்ல ஃபைல்களின் பட்டியல் அல்ல. ஹேக்கிங் கருவிகளும் அதில் உண்டு.

கார்த்திகை: ஒரு எழுத்தை மாற்றினால் ஹாஷும் கொஞ்சம்தான் மாறுமா?

பதில்: அடியோடு மாறிவிடும். ஏறக்குறைய ஒத்த ஃபைல்களைத் தேட எஸ்எஸ்டீப், டிஎல்எஸ்ஹெச் என்று வேறு வகை ஹாஷ் இருக்கிறது.

புதியவன்: பட்டியலில் இல்லாத ஃபைல் வைரஸா?

பதில்: இல்லை. இன்ஸ்டால் ஆகும்போது உருவாகும் ஃபைல், லாக், நீங்களே எழுதிய நிரல் எதுவும் அதில் இருக்காது. இருந்தால் நல்லது என்றும் இல்லை, மேலே சொன்னேன்.

இரவுப்பறவை: எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை செத்து வருஷக்கணக்காகிறது. இன்னும் அதை வைத்துக் கழிப்பவர்களை என்ன சொல்ல?

பதில்: பாதிதான் செத்தது. 2004இல் வாங் சியாவ்யுன் குழு ஒரே எம்டி5 வரும் இரண்டு தரவுகளைக் காட்டியது. அங்கே இரண்டையும் செய்தது ஒரே கை. ஏற்கனவே இருக்கும் டிஎல்எல்லுக்குப் பொருந்தும்படி இன்னொன்றைச் செய்வது வேறு வேலை. நடைமுறையில் அது இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

இரவுப்பறவை: 2012இல் வெளிப்பட்ட ஃபிளேம் என்ற உளவு நிரல்? எம்டி5ஐ ஏமாற்றி மைக்ரோசாஃப்ட் சான்றிதழையே போலி செய்தார்களே.

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் அங்கேயும் அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கியவர்களே போலியையும் செய்தார்கள். உங்கள் வாதம் ஜெயிக்கும் இடம் வேறு: ஒருவர் முதலிலேயே இரட்டையாகச் செய்து, சாதுவானதை முன்னால் விட்டு, அது பட்டியலில் ஏறியபின் மற்றதை அவிழ்த்துவிடலாம். அந்த ஆபத்து நிஜம். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே ஷா-1 (இன்னொரு ஹாஷ் முறை) உள்ள இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டபின் அதற்கும் இதே கதிதான். புதிதாகத் தொடங்குபவர் ஷா-256க்குப் போங்கள்.

இரவுப்பறவை: அப்போ நான் சொன்னது சரிதானே?

பதில்: பாதி.

அலை: என்எஸ்ஆர்எல்லில் பொருந்திவிட்டது. தைரியமாக ஓட்டலாமா?

பதில்: தெரிந்தது வேறு, நல்லது வேறு. மூன்றாம் முறை. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

தும்பி: டவுன்லோடு பக்கத்தில் போட்டிருக்கும் ஹாஷோடு பொருந்தினால் போதுமா?

பதில்: ஃபைல் வழியில் கெடவில்லை என்பது தெரியும், அவ்வளவுதான். தளத்தையே பிடித்தவனுக்கு ஹாஷை மாற்ற எவ்வளவு நேரமாகும்? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்தில் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இணைப்பைத் திருப்பினார்கள். தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள்.

புதியவன்: விண்டோஸில் ஹாஷ் எடுக்க?

பதில்: பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஷா-256தான் வரும்.

முகில்: எடுத்துவிட்டேன். சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கு ஒரே ஷா-256! மோதலா?

பதில்: இ3பி0சி442 என்று தொடங்குகிறதா? எல்லாம் காலி ஃபைல்கள். அளவைப் பாருங்கள், 0 பைட் என்றிருக்கும்.