ரோபோ சங்கர் நடிகரா, மிமிக்ரி ஆளா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரோபோ சங்கர் செத்த நேரம் எங்கட வீட்டிலயும் எல்லாரும் கவலப்பட்டவ. ஆனா உண்மையா கேக்கிறன், குரல் மாத்திக் கதைச்சதத் தவிர அந்தாள் என்ன பெரிசா நடிச்சவர்?
(வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி, "ரோபோ" எண்ட பேர் எங்கயிருந்து வந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மதுரைப் பக்கத்து மேடையள்ல உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட் பூசிக்கொண்டு ரோபோ டான்ஸ் ஆடின மனுசன், அந்த ஆட்டத்தில முழங்கை அசையேக்க தோள் அசையக்கூடாது, கழுத்து திரும்பேக்க கண் அங்கால இங்கால போகக்கூடாது, லைட் சூட்டில வேர்த்து வடிஞ்சாலும் துடைக்கேலாது. உடம்ப இப்பிடிக் கட்டுப்படுத்தத் தெரிஞ்சவர நடிகர் எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்லுற? விஜய் டிவி 'கலக்கப் போவது யாரு'வில அவர் விஜயகாந்த் செய்யேக்க குரல் மட்டுமா வந்தது, நெஞ்ச நிமித்துறது, கண்ண உருட்டுறது, கால் தூக்குறது எல்லாம் சேந்துதான் வந்தது. சத்தத்த நிப்பாட்டிப்போட்டுப் பாத்தாலும் ஆர் எண்டு பிடிச்சிடுவீங்கள்.

சினிமாவில 2013இல 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா', 2015இல 'மாரி'யில தனுஷுக்குப் பக்கத்தில 'சனிக்கிழமை' எண்ட பேருள்ள ஆளா வந்தார். 2019இல 'லயன் கிங்' தமிழ் டப்பிங்கில பும்பா எண்ட காட்டுப்பண்டிக்குக் குரல் குடுத்தவரும் அவர்தான். அதே வருசம் மகள் இந்திரஜா 'பிகில்'ல நடிச்சா. 2025 செப்டம்பர் 18 சென்னையில போய்ச் சேந்திட்டார், வயசு 46 தான். அந்த உடம்புக்கேத்த ஒரு முழு வேசம் அவருக்கு ஒருத்தரும் எழுதிக் குடுக்கேல்ல எண்டதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

கேள்வி: டிவியில கலக்கின ஆக்கள் படத்துக்குப் போனா ஏன் காணாமப் போயிடினம்?
(வாசகி, மூதூர்)

பதில்: எல்லாரும் இல்ல தங்கச்சி. 'லொள்ளு சபா' சந்தானம் 2004இல 'மன்மதன்' செய்து பிறகு ஹீரோவாயே வந்திட்டார், சிவகார்த்திகேயன் 2012இல 'மெரினா'வில தொடங்கி 2024இல 'அமரன்'ல ராணுவ மேஜரா நிண்டார். ஆனா வடிவேல் பாலாஜிய நினைச்சுப் பாருங்கோ, டிவியில அந்தாள் வந்தாலே சிரிப்பு, 2020இல சாகுமட்டும் சினிமா அவருக்கு ஒழுங்கான இடம் குடுக்கேல்ல. டிவியில மேடை முழுக்க உங்கட, அஞ்சு நிமிசத்துக்கு நீங்கதான் ஹீரோ, நீங்கதான் வில்லன். படத்தில ஹீரோவுக்குப் பின்னால நிண்டு ரெண்டு வசனம், அதிலயும் ஒண்டு எடிட்டிங்கில போயிடும். திறமை குறைஞ்சுபோச்சு எண்டு நாங்க நினைக்கிறம், குறைஞ்சது இடம்தான்.

கேள்வி: எங்கட நாட்டில இப்பிடி ஆக்கள் இருக்கேல்லையா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: ஏன் இல்ல! இலங்கை ரேடியோவில 'கோமாளிகளின் கும்மாளம்' எண்ட பகிடி நாடகம் போன காலத்த வீட்டில பெரியாக்களிட்டக் கேளுங்கோ. எஸ். ராம்தாஸ், ரி. ராஜகோபால், உபாலி செல்வசேகரன், பி.எச். அப்துல் ஹமீத் எல்லாரும் அதில. அது 1976இல 'கோமாளிகள்' எண்டு படமாவும் வந்தது.

கேள்வி: ஓ.எல். எடுக்கப்போற மகன், எந்நேரமும் ஃபோனப் பாத்து மிமிக்ரி பழகுறான். விடுறதா, மறிக்கிறதா?
(ஒரு அம்மா, பாலையூற்று)

பதில்: அக்கா, மறிக்காதேங்கோ, ஆனா யூடியூப்பில வேற ஆள் செய்த விஜயகாந்தப் பாத்து இவன் திருப்பிச் செய்தா அது கொப்பியின்ர கொப்பி. பஸ் ஸ்டாண்டில கொழும்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுற கொண்டக்டர், மீன் ஏலம் கூறுற ஐயா, இவையள ஒரு கிழமை நிண்டு பாக்கச் சொல்லுங்கோ. குரலுக்கு முதல் கை எங்க போகுது, மூச்சு எங்க எடுக்கினம் எண்டு கவனிக்கட்டும், பிறகு உங்களுக்கு முன்னால செய்து காட்டட்டும். நீங்க ஆளின்ர பேர் சொல்லாமலே கண்டுபிடிச்சீங்களெண்டா, சோதினை முடியப் பள்ளிக்கூட நாடகத்தில பேர் குடுக்கச் சொல்லுங்கோ.