பூஞ்சை மருந்தும் வெள்ளையணுவும்: கேட்டவர்களுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் நுண்ணுயிரியல் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பூஞ்சைத் தொற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை.

பாலக்கோட்டிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு நுரையீரல்ல ஆஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சையாம், வோரிகோனசோல் மாத்திரை குடுத்திருக்காங்க. மருந்துதானே கொல்லுது, சுகரை ஏன் இவ்வளவு கண்டிப்பா குறைக்கச் சொல்றாங்க?

மருந்து தனியாகச் சண்டை போடுவதில்லை தம்பி. ராகிப் போர் பிரிக்கும்போது புகை மாதிரி தூசி கிளம்புமே, அதில் இந்தப் பூஞ்சையின் வித்துகளும் இருக்கும். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான்தான். அதனால் நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் இழுக்கிறோம். அங்கே இருக்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணுக்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. தப்பிய வித்து முளைத்து இழையாக நீண்டால் விழுங்க முடியாது. அப்போது நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இழைமேல் ஒட்டி நச்சைக் கொட்டும், தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசும். பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதை உண்டாக்க விடாமல் வோரிகோனசோல் இழையை நலிய வைக்கிறது. நலிந்ததை முடிக்க அணுக்கள் வேண்டும். சுகர் ஏறினால் அந்த அணுக்கள் மந்தமாகிவிடும். அதற்குத்தான் அந்தக் கண்டிப்பு.

ஓசூரிலிருந்து: சில மருந்து அணுவுக்குள்ளயே போய் உக்காந்துக்கும்னு படிச்சேன், உண்மையா?

உண்மை. போசகோனசோல் என்பது கொழுப்பில் கரையும் பூஞ்சை மருந்து. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அணுக்களின் சவ்வில் சேரும். மருந்தைச் சுமந்த நியூட்ரோஃபில் பூஞ்சையைத் தொட்டதும் மருந்து அதற்குக் கைமாறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! காஸ்போஃபங்கின் என்ற மருந்துக்கு வேறு வழி. பூஞ்சையின் சுவரைக் கெடுக்கும்போது, உள்ளே மறைந்திருந்த பீட்டா குளுக்கன் என்ற சுவர்ப்பொருள் வெளியே தெரியும். மேக்ரோபேஜ் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஊசியில் போட்டால் குளிர் நடுக்கம் வருவதும், அது நம் அணுக்களை உசுப்பிவிடுவதால்தான்.

ஊத்தங்கரையிலிருந்து: 2021-ல கருப்புப் பூஞ்சைக்கும் வோரிகோனசோல் குடுத்திருக்கலாமே?

கேட்காது. ஸ்லைடில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆஸ்பெர்ஜில்லஸ் மெல்லிய இழை, இடையிடையே தடுப்பு, கவட்டை மாதிரி குறுகலாகப் பிரியும். கருப்புப் பூஞ்சையோ மடங்கிய ரிப்பன் மாதிரி அகலம், தடுப்பே அபூர்வம். அதற்கு ஆம்போடெரிசினும் அழுகிய சதையை வெட்டி எடுப்பதும் வேண்டும். அந்த வருஷம் கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் கட்டுப்படாத சுகரும் சேர்ந்து அணுக்களைக் கட்டிப்போட்டன.

பென்னாகரத்திலிருந்து: வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் போடறேன், நிறுத்தணுமா?

வேண்டாம். இழுத்தபின் வாய் கொப்பளியுங்கள். கடையில் தானாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் ஆபத்து.

ராயக்கோட்டையிலிருந்து: தக்காளிக்கு நாங்க அடிக்கிற மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, அண்ணா. டெபுகோனசோல், புரோபிகோனசோல் எல்லாம் வோரிகோனசோலின் குடும்பம். வயலிலும் குப்பைக்குழியிலும் அதற்குப் பழகிப்போன ஆஸ்பெர்ஜில்லஸ், நோயாளிக்குள் போனால் மாத்திரைக்கும் அடங்காது. நெதர்லாந்தில் முதலில் கண்டார்கள், பிறகு நம் நாட்டு மண்ணிலும் கிடைத்தது. சொன்ன அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். வீட்டில் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர் இருந்தால் குப்பைக்குழி கிளறும் நாளில் அவரை அந்தப் பக்கமே விடாதீர்கள்.